கட்டில்ல காய்ஞ்ச டேஷ்போர்டு

நீலகண்டன் சார் போயிட்டாரு. இன்னைக்கு வெள்ளனே... ஹார்ட் அட்டாக்காம்.

காலையில இருந்து என் டைம்லைன் முழுக்க அந்தச் செவப்பு கார்தான். ரெண்டே சீட்டு உள்ள பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், அதுல சாஞ்சு நின்னு சிரிக்கிற சார். "லெஜண்ட்", "ஜென்டில்மேன்", "கலா ரசிகர்"னு ஆளாளுக்கு எழுதியிருக்கீங்க.

ஜென்டில்மேன்... செரி.

அப்போ நானும் எழுதணும்லா. அந்தக் காருக்க டேஷ்போர்டைக் கழற்றிப் புதுசாக்க அவரு முதல்ல கூப்பிட்டது எங்களைத்தான். கோட்டாறுல எங்களுக்கு மர பாலிஷ் கடை. கழற்றுற வேலை எங்க காக்காவுக்கு, அதாவது மூத்த அண்ணனுக்கு. கல்ஃப்ல கார் ஒர்க்‌ஷாப்புல நின்னவரு. பாலிஷ் எனக்கு.

பூதப்பாண்டி பக்கம் சாருக்க வீடு. கார் நிக்கிற ஷெட்டுல டைல்ஸ், ஜன்னலுக்குத் திரை, காருக்குன்னே ஒரு ஃபேன். அடுக்களையில ஃபேன் கிடையாது. அதுக்குள்ள நின்னு வேர்த்து ஒழுகித்தான் சாருக்க வீட்டுக்காரி கோமதி அக்கா எங்களுக்குச் சாயா போட்டாங்க.

சாயாவோட ஷெட்டு வாசலுக்கு வந்ததும் சார் ஒரு சத்தம் போட்டாரு. "அங்கேயே நில்லு. ஆவி பட்டா பெயின்ட்டு போவும்."

ஆவி! ஒரு டம்ளர் சாயாவுக்க ஆவி!

அக்கா வாசல்ல நின்னே சிரிச்சாங்க. "இது வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான் இதுல ஏறினதில்ல மக்ளே. முட்டம் லைட்ஹவுஸ் வரைக்கும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். உப்புக்காத்து ஆவாதாம்."

"ஆவாதுதான்"னாரு சார். திரும்பிக்கூடப் பாக்கல்ல.

மரம் நல்ல மரம், பொய் சொல்லக்கூடாது. வால்நட். மேல ஒட்டின மெல்லிசுப் பலகையில சுருள் சுருளா ரேகை. வெயில்ல வார்னிஷ் மஞ்சளிச்சு, பொடுகு மாதிரி உரிஞ்சு கிடந்துச்சு.

காக்கா பேட்டரியைத் துண்டிச்சு, ஸ்டியரிங்கை எடுத்து, மீட்டரை எல்லாம் ஒவ்வொண்ணா உருவி, பின்னால ஒயருக்கு டேப் ஒட்டி அடையாளம் வச்சாரு. சார் டார்ச் அடிச்சிட்டுப் பக்கத்துலயே நின்னாரு. பலகை வெளிய வரும்போது ஓரத்துல நகக்கண்ணு அளவுக்கு ஒரு சில்லு தெறிச்சிட்டு.

மனுஷன் அழுதுட்டாரு. நெசமாவே கண்ணீரு.

பலகை கேட்டைத் தாண்டக்கூடாதுன்னுட்டாரு. அதனால அவரு வீட்டு மாடியில வச்சே பழைய வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, சில்லு போன இடத்துல புது ஒட்டு வச்சேன். இனி பளபளப்புக்கு லேக்கர் அடிக்கணும். கோட்டுக்கு மேல கோட்டு, நடுவுல நடுவுல காயணும். ஒரு தூசி விழப்பிடாது.

"ஏசி ரூம்ல வச்சிரலாம்"னாரு சார்.

அந்த வீட்டுல ஒரே ஒரு ரூம்லதான் ஏசி. அங்க கோமதி அக்கா படுத்திருந்தாங்க. எங்க வேலை நடக்கும்போதே கர்ப்பப்பையை எடுத்துட்டு, ஆஸ்பத்திரியில இருந்து அப்பத்தான் வந்திருந்தாங்க.

"அக்கா எங்க படுப்பாங்க சார்?"

"ஹால்ல பாய் கிடக்குல்லா."

"தையல் போட்ட வயிறு சார். கீழ உக்காந்து எந்திரிக்க முடியாது. தின்னர் மணம் வேற..."

"ஏட்டி, நீ பலகைக்கு வந்தியா, வைத்தியத்துக்கு வந்தியா?"

நான் பிரஷ்ஷைக் கழுவிப் பையில போட்டேன். காக்கா டூல்பாக்ஸைத் தூக்கிட்டாரு. வெளிய வந்துட்டோம்.

திருவனந்தபுரத்துல இருந்து வேற ஆளு வந்து முடிச்சுக் குடுத்தான். கொள்ளாம், நல்ல வேலைதான். அதுல குறை சொல்ல மாட்டேன்.

சார் அதைப் போட்டோ போட்டாரு. பளபளன்னு டேஷ்போர்டு, கீழ வெள்ளை விரிப்பு. "என் செல்லம் ஓய்வெடுக்கிறாள்"னு கேப்ஷன். அந்தப் போட்டோவைத்தான் இன்னைக்கு மறுபடியும் ஷேர் பண்ணி ஹார்ட் விடுறீங்க.

அது யாருக்க கட்டில்னு தெரியுமா மக்கா?

பாயில கிடந்து எந்திரிச்சு எந்திரிச்சு அக்காவுக்குத் தையல் பழுத்துட்டு. காய்ச்சல். தோவாளையில இருந்து அவங்க தங்கச்சி ஆட்டோ பிடிச்சு வந்து, கைத்தாங்கலா ஏத்தினாங்க.

அப்போ சார் ஷெட்டுக்குள்ள நின்னு சொன்னதை அக்காவே எங்கிட்ட சொல்லியிருக்காங்க. "ஆட்டோவைப் பைய எடுக்கச் சொல்லு. தூசி பறக்கும்."

அவ்வளவுதான். உடம்புக்கு எப்படி இருக்கு, எப்ப வருவ... ஒண்ணும் இல்ல.

அக்கா திரும்பிப் போகல்ல. அவரு கூப்பிடவும் இல்ல. கொஞ்ச நாள்ல காரை ஏதோ கண்காட்சிக்குக் கொண்டுபோய், கோப்பை வாங்கி, அதுக்கும் ஒரு போட்டோ. அதுக்கும் உங்க கைதட்டு.

இன்னைக்கு அக்காவுக்குப் போன் பண்ணினேன். தோவாளையில தங்கச்சிக்க பூக்கடையிலதான் இருந்தாங்க.

"கேட்டியளா அக்கா?"

"கேட்டேன்."

"போறியளா?"

கடையில யாரோ பிச்சிப்பூ கேக்குற சத்தம் வந்துச்சு. அக்கா முழம் போட்டுக் குடுத்துட்டு வந்தாங்க.

"போனா பக்கத்துல இருத்தி அழச் சொல்லுவாங்க மக்ளே. எனக்கு வரல்ல. வராத அழுகையை நாலு பேருக்கு முன்னால எதுக்குப் பிழிஞ்சு எடுக்கணும்? ...நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் அக்கா.

நாளைக்குக் காலையில எடுப்பாங்களாம். போறவங்க போயிட்டு வாங்க. நான் போகல்ல.

சாரே... உங்களுக்கு "போயிட்டு வாங்க" சொல்ல வாய் வரல்ல.

போங்க.