தசராவுக்குப் போகாத வீடு

அரண்மனை பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவனுக்குப் பண்டிகை லீவு என்று ஒன்று கிடையாது; ஊருக்குப் பண்டிகை என்றால் அவனுக்கு வேலை நாள். அவன் கிறிஸ்தவனாகவும் இருந்து, வேதத்தைக் கரைத்துக் குடித்த மனைவியும் வாய்த்து, ஒரே பெண் குழந்தையும் இருந்துவிட்டால் அவன் பாடு என்ன ஆகும் என்பதைப் பிள்ளை வளர்த்துத் தவித்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மைசூரில் நான் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடந்தது போலவே இருந்தால் மனதுக்குள் சிரித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டாம்.

சுவரில் ஒட்டிய பட்டியல்

என் மனைவி எஸ்தர் கொள்ளேகால் பக்கத்து உபதேசியார் மகள். எங்கள் மகள் கிருபையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதிச் சமையலறைச் சுவரில் பசை போட்டு ஒட்டினாள். ஒரு பக்கம் ‘போகலாம்’: கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, மகாராஜா பிறந்தநாள். மறுபக்கம் ‘போகக் கூடாது’: தீபாவளிப் பட்டாசு, நாடகம், பயாஸ்கோப், தசரா. தசராவுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

எனக்குச் சுருக்கென்றது. விஜயதசமி ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக யானைக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போகிறவனே நான்தான். “யானை மேலே சாமியா உட்கார்ந்திருக்கிறது? மகாராஜாதானே?” என்று வாதாடிப் பார்த்தேன். “ராஜாவுக்குக் கும்பிடு போடலாமுங்க. ஆனா அவரு வன்னி மரத்துக்குப் பூஜை பண்ணப் போறாரு. அந்தக் கூட்டத்துல நம்ம புள்ளை நிக்கக் கூடாதுங்க. நீங்க போறது உத்தியோகம், அவ போனா வேடிக்கை. ரெண்டும் ஒண்ணில்லீங்க” என்றாள். ஊர்வலம் வீட்டுக்கு அரை மைலில் போகும். அன்று மத்தியானமே கதவைச் சாத்திவிடுவாள். பேண்டில் எனக்குப் பின்னால் டிரம் அடிக்கிற முருகேசனிடம் இந்தப் பட்டியலைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னது: “அண்ணே, அப்போ உங்க வீட்ல மகாராஜா மட்டும்தான் பாஸ். அதுவும் பொறந்தநாளுக்கு மட்டும்!”

பவுலும் சுண்டலும்

அடுத்த வீட்டுக் கமலம்மாள் ரயில்வே குமாஸ்தாவின் மனைவி. நவராத்திரிக்கு ஏழு படி கட்டிப் பொம்மை வைப்பார். கிருபையைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார். எஸ்தர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்: பொம்மை மண்ணால் செய்தது, பார்க்கலாம், சுண்டல் படைத்தது, தொடக் கூடாது; விக்கிரகத்துக்குப் படைத்த மாம்சத்தைப் பற்றி அப்போஸ்தலர் பவுல் வேதத்தில் எழுதியிருக்கிறார். என் மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மற்றக் குழந்தைகள் சாப்பிடுவதை ஒன்பது நாளும் பார்த்துவிட்டு வந்தாள். பத்தாம் நாள் அம்மாவிடம், “பவுல் மாம்சத்தைப் பத்தித்தானே எழுதியிருக்காரு? சுண்டலைப் பத்தி எழுதியிருக்காராம்மா?” என்று கேட்டாள்.

எஸ்தர் நேர்மையானவள். அதட்டி உட்கார வைக்கவில்லை. வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கு வைக்கிற நேரம் வரை தேடினாள். பிறகு, “படைச்சதுன்னா எல்லாம் ஒண்ணுதான் கண்ணு” என்று சொல்லிவிட்டு அவளே கடலை ஊறப்போட்டாள். மறுநாள் எங்கள் வீட்டில் சுண்டல். அந்த வாசனை கமலம்மாள் வீட்டுக்குப் போயிற்று, கூடவே விஷயமும் போயிற்று. மறு வருஷம், முதல் படியில் பொம்மை ஏறுவதற்கு முன்பே அந்த அம்மாள் மூடி போட்ட தூக்குச் சட்டியோடு எங்கள் வாசலில் நின்றார்: “இது படைக்கறதுக்கு முந்தி எடுத்தது. அடுப்புலேருந்து நேரா வர்றேன். உங்க பவுல்கிட்டயும் சொல்லிடுங்கோ.”

மூன்று ஆட்டம் பார்த்த உபதேசியார்

அப்போது படம் பேச ஆரம்பிக்கவில்லை. பயாஸ்கோப்புக் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து, குதிரை ஓடினால் வேகமாகவும் கதாநாயகி அழுதால் மெதுவாகவும் வாசிக்க ஆள் வேண்டும். பேண்டு வேலை இல்லாத நாட்களில் நானும் முருகேசனும் போவோம். ஒரு முறை இயேசு சுவாமியின் சரித்திரமே படமாக வந்துவிட்டது. சபையில் ஒரே குழப்பம். பயாஸ்கோப் கூடாது, ஆனால் சுவாமியைப் பார்க்கக் கூடாது என்று யார் சொல்வது? எஸ்தர் உட்படத் தாய்மார்கள் எல்லாம் எங்கள் சபை உபதேசியாரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர், தாமே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

முதல் ஆட்டத்துக்கு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். சரித்திரத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிரிப்புப் படம் ஓட்டுவார்கள். ஒரு தடியன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துகொண்டே இருப்பான். கீழே இருந்த எனக்கு உபதேசியார் சிரிப்பு தனியாகக் கேட்டது. இரண்டாம் ஆட்டத்துக்குத் துண்டு தோளுக்கு இறங்கிவிட்டது. மூன்றாம் ஆட்டத்தில் தடியன் விழுவதற்கு முன்பே சிரித்தார். எஸ்தர் அவருக்காகக் காத்திருக்காமல், சிரிப்புப் படம் முடிகிற வரை கிருபையோடு வாசலில் நின்று, சுவாமி வரும்போது உள்ளே வந்து, சுவாமி பரமேறியதும் வெளியே போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாய்மார்கள் முடிவைக் கேட்டபோது உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இன்னும் ஒரு தரம் பார்த்தாத்தான் தீர்மானமாச் சொல்ல முடியும்மா.”

யானை இல்லாத பாட்டு

எங்கள் வீட்டுக்குள் சபையில் பாடுகிற கீர்த்தனை தவிர வேறு எதுவும் வாசிக்கக் கூடாது. ஆனால் ஒரு வருஷம் பேண்டு மாஸ்டர் தசராவுக்காக, நடை போட்டுக்கொண்டே வாசிக்கிற புது மார்ச் மெட்டு ஒன்று கொடுத்தார். வெள்ளைக்கார மனிதர், ஒரு சுரம் பிசகினாலும் கோலால் மேஜையைத் தட்டுவார். வீட்டில் பழகாமல் கை வராது. நான் செய்த தந்திரம் இதுதான்: மார்ச்சை நாலு மடங்கு மெதுவாக வாசித்தேன். கேட்க உருக்கமாகத்தான் இருந்தது. எஸ்தர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது எந்தக் கீர்த்தனைங்க?” என்றாள். “புதுசு” என்றேன். அதோடு விட்டாளா? ராகத்தை உபதேசியாரிடம் பாடிக் காட்டினாள். நம் ஜனங்கள் நல்ல மெட்டுக் கிடைத்தால் விடுவதில்லையே. அவர் மூன்று சரணம் எழுதிவிட்டார்.

அறுப்பின் பண்டிகையில் சபையே அதைப் பாடியது. காணிக்கையாக வந்த பூசணிக்காயை ஏலம் எடுக்க வந்த முருகேசன் கடைசி பெஞ்சில் இருந்தான். ஆர்மோனியக்காரருக்கு உற்சாகம் கூடக் கூட வேகமும் கூடி, மூன்றாம் சரணத்தில் பாட்டு அசல் மார்ச்சாகவே ஆகிவிட்டது. முருகேசனின் கால் தானாகத் தரையில் இடது வலது போட்டது. வெளியே வந்ததும் எஸ்தர் நிற்பதைக் கவனிக்காமல், “பாட்டு அருமை அண்ணே. யானையத்தான் காணோம்!” என்று போட்டு உடைத்தான். எஸ்தர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன். நாலாம் நாள் அவள் சொன்னது வேறு: “மெட்டு மேல ஒரு தப்புமில்லீங்க, அதைப் பாடத்தான் போறோம். பொய் சொன்னீங்களே, அதுதான் எனக்கு ஆறல.”

மேற்பல்

கிளாரினெட்டுக்கு உதடு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் மேல் வரிசை முன்பல். வாயில் வைக்கிற ஊதுவாயின் மேல் அந்தப் பல்தான் அழுந்தி நிற்கும். கிருபைக்குப் பதினோரு வயதான வருஷம் எனக்கு இரண்டு முன்பற்களும் ஆட ஆரம்பித்தன. டாக்டர் பிடுங்க வேண்டும் என்றார். அந்த தசரா முடிந்ததும் நான் ஊதுவதை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து இசைத் தாள்களைப் பிரதி எடுக்க வேண்டியது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை மாறியதற்காக அல்ல. இத்தனை வருஷமாக ஊரே பார்த்த என்னை, அந்தக் கோட்டோடு வரிசையில் வாசித்து நடக்கும்போது என் மகள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. மகாராஜா பிறந்தநாளுக்கு நாங்கள் அரண்மனைக்கு உள்ளேதான் வாசிப்போம். இனிப் பார்க்கவும் முடியாது.

பொய்யில் ஒரு முறை சூடு பட்டவன் ஆகையால் நேராகவே கேட்டேன். “எஸ்தர், இது கடைசி. ஒரே ஒரு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு வருவாயா?” அவள் அரிவாள்மனையை நிமிர்த்தி வைத்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும், “இல்லீங்க” என்றாள். கிருபை அழவில்லை. வரிசையில் நான் எங்கே நடப்பேன் என்று மட்டும் கேட்டாள். இடது ஓரம், முதல் வரிசை என்றேன். புளியங்கொட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்கி, இடது ஓரத்துக் கொட்டையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முருகேசனிடம் சொல்லிப் புலம்பினேன். அவன் சிரிக்கவில்லை. “உங்க வீட்டம்மாவை மாஸ்டரா போட்டிருந்தா நம்ம பேண்டுல தாளமே தப்பியிருக்காது அண்ணே” என்றான்.

மணல் மூட்டை

இரண்டு நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருந்த எஸ்தர் கேட்டாள்: “ஊர்வலத்துக்கு முந்தி ஒத்திகை நடக்குமுங்களே, அப்ப யானை மேல யாரு உக்காருவாங்க?”

“யாருமில்லை. பாரம் பழகுவதற்கு மணல் மூட்டை கட்டுவார்கள்.”

“மூட்டைக்குப் பூஜை உண்டுங்களா?” சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “வன்னி மரத்துக்கிட்ட?” என்று அடுத்த கேள்வி. அங்கே ஒன்றும் கிடையாது, போய்த் திரும்பிவிடுவோம் என்றேன். மேலும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். “மணலை யாரும் கும்பிடப் போறதில்லை. நானும் கிருபையும் வர்றோம்” என்றாள். சாப்பாடு ஆனதும் பெட்டியைத் திறந்து சிவப்புக் கோட்டை எடுத்து இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். ஒத்திகைக்குக் காக்கிச் சட்டைதான், கோட்டுப் போட்டால் மாஸ்டர் திட்டுவார் என்று சொன்னேன். “திட்டட்டுமுங்க. புள்ளை பாக்க வர்றா” என்று பட்டனுக்குப் பட்டன் சாம்பல் போட்டுத் துலக்கினாள்.

ஒத்திகை அன்று காலையில் எழுபது காக்கிச் சட்டைகளுக்கு நடுவில் நான் ஒருவன் மட்டும் சிவப்பு. மாஸ்டர் கோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். முருகேசன் டிரம்மைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் காதில் ஏதோ சொன்னான். மாஸ்டர் என் பல்லைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், “அழுக்குப் பட்டால் நீயே துவைக்க வேண்டும்” என்று உறுமிவிட்டுப் போனார். பால்காரர்களும் சாணி பொறுக்குகிறவர்களும் நின்ற சாலையோரத்தில் எஸ்தர் நின்றாள், கிருபை கையை இறுகப் பிடித்துக்கொண்டு. இரண்டு கையும் கிளாரினெட்டில் இருந்ததால் கை காட்ட முடியவில்லை. பல் வலித்தது. ஒரு சுரம்கூட விடாமல் வாசித்தேன். எங்களோடு சேர்ந்து திருப்பம் வரைக்கும் அவர்கள் நடந்து வந்தார்கள். வீட்டுக்குப் போனதும் கிருபை என் கோட்டுப் பட்டனை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: “அப்பா, யானை மேல வெறும் மூட்டைதானே? அதனால எல்லாரும் உங்களைத்தான் பாத்தாங்க.”

மூன்று நாள் கழித்து ஊரே ராஜாவைப் பார்க்கத் திரண்டு வந்த அந்தக் கடைசி விஜயதசமியில் என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. வர வேண்டிய இரண்டு பேரும் முன்னாலேயே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.