இறக்கையில் அடைத்த காற்று

தணிகைவேலைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. நெம்மேலிக்காரன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, தாம்பரம் பக்கம் சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகைக்கு வேலைக்கு வந்தவன். இறக்கைக்குள் இருக்கிற பெட்ரோல் தொட்டி ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவன் வேலை, என் வேலையும் அதுதான். தொட்டியில் காற்றை அடைத்து மூடிவிட்டு, அதோடு இணைத்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். மட்டம் இறங்கினால் ஒழுக்கு. அதைப் பார்த்துப் பார்த்தே மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அவன் மனைவி வச்சலா கோபித்துக்கொண்டு அச்சரப்பாக்கத்துக்குத் தாய்வீடு போனதும் இந்த வேலையால்தான். வருகிறேன் என்ற நேரத்துக்கு இவன் ஒருநாளும் வந்ததில்லை. எட்டு மாதம் வண்டலூர் வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றான். "செவுத்தோட பேசிகினு கீறேன் மச்சான்" என்று என்னிடம் ஒருமுறை அழுதே விட்டான். எழுபத்து நாலு சித்திரையில் அவளிடமிருந்து கடுதாசி வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவன் வந்து நின்றால் அவனோடு வருவாள். வராவிட்டால் இனி என்றைக்கும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. காலையில் காற்று அடைத்தது முதல் தண்ணீர் மட்டம் அசையவே இல்லை.

"தொட்டி நல்லாத்தான் கீது. கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு," என்றேன்.

அவன் இறக்கையைத் தொட்டான். வாசல் வழியாக வெயில் விழுந்து தகடு கொதித்தது.

"வெயிலு பட்டா உள்ள காத்து உப்பும், மட்டம் ஏறணும். ஏறலியே? எங்கியோ ஒழுவுது மச்சான்."

நாசமாய்ப் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன். தார்ப்பாய் போட்டு ஆறவைத்து, மறுபடி அடைத்துப் பார்க்க மூன்று மணி நேரமாவது ஆகும். மறுநாள் காலை அந்த விமானம் பறந்தாக வேண்டும்.

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தான். "வாணாம். நீ போயி அவளாண்ட சொல்லு. ராத்திரிக்குள்ள வந்துடறேன், கொஞ்சம் இருக்கச் சொல்லு."

ரயிலேறிப் போனேன். வச்சலா தகரப் பெட்டியோடு நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த வேலை உனுக்குந்தானே தெரியும் அண்ணாத்த? உன்னாண்ட வுட்டுட்டு வர்றதுக்கு இன்னாவாம்?"

அவன் போயிருந்தால், அடுத்த பத்தாவது நிமிஷம், மறுபடி பார்க்காமலே நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவில்லை அவன். இதை அவளிடம் சொல்லியிருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ. என் மானம் பெரிதாகப் போயிற்று எனக்கு.

"அவன் கதைதான் தெரியுமேம்மா. வேலைன்னா பொண்டாட்டியக்கூட மறந்துடுவான்," என்றேன்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அச்சரப்பாக்கம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது, தணிகைவேல் ஒழுக்கைப் பிடித்திருந்தான். தகட்டை இணைக்கும் ஒரு ரிவிட் ஆணி ஓரத்தில், தடவிய சோப்பு நுரை குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. சட்டையை மாற்றி, தலைவாரித் தயாராக நின்றான்.

"அவள எங்க உக்கார வச்சிட்டு வந்த?" என்று கேட்டான்.