பன்னிரண்டாம் படியில் ஒரு வினைச்சொல்

அந்த மருத்துவமனையில் அவளைப் 'பத்தடி அக்கா' என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருடமாக இயன்முறை சிகிச்சைப் பிரிவில் உதவியாளர். இடுப்பு உடைந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் வேலை. "இன்னும் பத்தடி, அவ்வளவுதான்" என்பாள். அந்தப் பத்தடி ஒருநாளும் பத்தோடு நின்றதில்லை.

எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பது அவள் சுபாவம். தையல்காரரை நடத்திக் கூட்டிப் போனால், காஜா எடுப்பது எப்படி என்று கேட்டுத் திரும்புவாள். "உனக்கு வாயா, ரேடியோவா?" என்பார் கணவர்.

ஏழாம் கட்டிலுக்கு லத்தீன் வாத்தியார் ஒருவர் வந்தார். புத்தக அலமாரி ஏணியிலிருந்து விழுந்தவர். அறுவை முடிந்து எட்டு நாளாகியும் கட்டிலைவிட்டு இறங்கமாட்டேன் என்று சாதித்தார். மகள் வீடு மூன்றாம் மாடி; லிஃப்ட் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு படி ஏறிக் காட்டினால் மகளோடு போகலாம். இல்லையென்றால் பராமரிப்பு இல்லம்தான். மருத்துவர் இதைச் சொன்னபோது வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் வாக்கரைக் கட்டிலருகே வைத்தாள்.

"சார், ஒரு சந்தேகம். பேஷண்ட், பேஷண்ட்னு இத்தனை வருஷமா கூப்பிடுறேன். அது எந்த ஊர் வார்த்தை?"

சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது. "லத்தீன். பத்தியோர்னு ஒரு வினைச்சொல்."

"அப்படின்னா?"

"தாங்கிக்கறேன், பொறுத்துக்கறேன். வடிவத்தைப் பார்த்தா யாரோ நமக்குச் செய்யற மாதிரி இருக்கும். ஆனா செய்யறது நாமதான்."

"நம்ம ஆசைப்படறது மாதிரியா சார்? அடிபட்டான்னா யாரோ அடிச்சிருக்கணும். ஆசைப்பட்டான்னா அவனேதானே."

வாத்தியார் தலையைத் திருப்பினார். முப்பது வருட வகுப்பில் அவருக்கே தோன்றாத உதாரணம்.

"உட்கார்ந்து சொல்லுங்க சார். கழுத்து சுளுக்கிக்கும்."

உட்கார்ந்தார். எட்டு நாளில் முதல் தடவை.

அப்புறம் அவரும் லேசுப்பட்டவரா? பேரம் ஆரம்பித்தது. சொல்லின் வேர் என்னவென்று கேட்டதற்கு, வாசல்வரை நடந்த பிறகே வாய் திறந்தார். "நிச்சயமாத் தெரியாது. காயப்படுத்துன்னு ஒரு பழைய வேர் இருந்திருக்கலாம்ங்கறாங்க." இந்த மாதிரி வினைகளுக்கு என்ன பெயர் என்பது மறுநாள் நடைபாதையில் தெரிந்தது. 'கழற்றி வைத்தவை' என்று பொருள் தரும் பெயராம். உடுப்பு ஒன்று, உள்ளே ஆள் வேறு. இறந்தகாலத்துக்கு 'பஸ்ஸுஸ் சும்' என்று இரண்டு சொல் வேண்டும். அது ஜன்னல்வரை போனதற்குக் கிடைத்தது.

"நாளைக்குத் தாங்கிக்குவேன்னு சொல்லணும்னா?"

"அது பன்னிரண்டாவது படியில."

வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அவள் வாயில் அதுவே ஓடியது. "யாரு அந்தப் பத்தியோர்? புது டாக்டரா?" என்றார் கணவர்.

வெள்ளிக்கிழமை. மருத்துவர் படிக்கட்டின் கீழே நின்றார், மகள் மேலே. ஒன்பதாம் படியில் வாத்தியார் நின்றுவிட்டார். கைப்பிடியை இறுக்கியவர் நகரவில்லை.

"முடியல."

பத்தடி என்று சொல்ல வழியில்லை, மிச்சமே மூன்றுதான். "இறங்கிடலாம் சார்," என்றாள் மெதுவாக. "ஆனா அந்த வார்த்தை தெரியாம எனக்கு ஞாயித்துக்கிழமையும் நிம்மதி இருக்காது."

அது தந்திரமில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. வாத்தியாருக்கு மூச்சிரைப்போடு சிரிப்பும் வந்தது. "அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டீங்களே," என்றபடி நல்ல காலைத் தூக்கினார். பத்து. நெடுநேரம் கழித்துப் பதினொன்று. பன்னிரண்டாவதில் மகள் அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். கீழே மருத்துவர் தாளில் ஏதோ எழுதிவிட்டுத் தலையசைத்தார்.

"பத்தியார்," என்றார் வாத்தியார். "தாங்கிக்குவேன்."

"ஒரே ஒரு எழுத்துதான் மாறுதா? இதுக்கா சார் இத்தனை படி?"

"இதுக்குத்தான்."

"சரி, நான் தாங்கிக்குவேன் ஆச்சு. நாம தாங்கிக்குவோம்னா?"

"அது மூணாம் மாடியில இருக்கு."

அவள் மகளிடம் முகவரி கேட்டு வாங்கிக்கொண்டாள்.