தோண்டிமலை மூடுபனியில் நான் போட்ட கூவல்

தூத்துக்குடியிலிருந்து கொச்சிக்குத் தனியாகச் சைக்கிளில் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "ஏன், பஸ்சு ஓடலையா?" என்பதுதான். போன ஐப்பசியில் கிளம்பினேன். மழைக்காலத்தில் மலை ஏறாதே என்றவர்கள் எல்லாரும் ரோடு வழுக்கும், சளி பிடிக்கும் என்றுதான் பயமுறுத்தினார்கள். எனக்கு நடந்ததை ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நான்காம் நாளை மட்டும் தனிப் பதிவாக எழுதுகிறேன்.

போடிநாயக்கனூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. காலையில் பார்த்தால் பின்சக்கரம் காற்றிறங்கிக் கிடக்கிறது. பஞ்சர் ஒட்டிக் கிளம்ப எட்டரை ஆகிவிட்டது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் எப்போதோ மேலே போயிருந்தன. முந்தல் வரை சமதளம். அதற்கு மேல் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். போடியிலிருந்து போடிமெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர்; ஏற்றத்தில் பாதியை மிதித்தேன், மீதியைத் தள்ளினேன். தள்ளியதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பத்தாவது வளைவு தாண்டியதும் மூடுபனி இறங்கியது. மேலே ஹாரன் கேட்கும், ஓரமாக ஒதுங்கி நிற்பேன், வண்டி வராது. எங்கோ அடித்த ஹாரன் பாறையில் மோதி வந்திருக்கும். நாலைந்து முறை ஏமாந்துவிட்டு ஒதுங்குவதை நிறுத்தினேன். உடனே நிஜமாகவே ஒரு பஸ் என் முழங்கையை உரசாத குறையாகப் போனது.

போடிமெட்டைத் தொடும்போது இரண்டரை மணி. கட்டன் சாயாவும் பழம்பொரியும் உள்ளே போனதும் தெம்பு வந்தது. சோதனைச் சாவடி தாண்டினால் கேரளம். பூப்பாறை வரை பெரும்பாலும் இறக்கம், அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

தோண்டிமலைப் பக்கம் ரோட்டின் இரண்டு புறமும் ஏலத்தோட்டம். செடி ஆளை விட உயரம். காயோ தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். குனிந்து பறிப்பவர் பக்கத்து வரிசைக்காரருக்கே தெரியமாட்டார். அன்றைக்கு எனக்கு ரோடே தெரியவில்லை. மிதிக்காமல் மெதுவாக இறங்கினேன். பின்சக்கரம் டிக் டிக்கென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது மேட்டிலிருந்து ஓர் ஆண் குரல் நீட்டிக் கூவியது. தோட்டத்துக்குள் அங்கங்கே பதில் கூவல்கள், ஒன்று முடிந்ததும் அடுத்தது. கடைசியில் ஓர் இடைவெளி. அந்த ஆண் குரல் மறுபடியும் கூவிவிட்டுக் காத்திருந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! நானும் அண்ணாந்து "ஊ..." என்று ஒன்று போட்டேன். "சரி, ஏறுங்க!" என்றது மேட்டுக் குரல். சற்று நேரத்தில், பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்த இரண்டு ஜீப்புகள் என்னைத் தாண்டி போடிப் பக்கம் போயின. ஊரோடு சேர்ந்து விளையாடிவிட்ட மாதிரி எனக்கு ஒரே குஷி.

ஜீப் சத்தம் அடங்கியது. மேட்டில் டொக், டொக் என்று ஏதோ தட்டியது. பிரேக் பிடித்தேன். தட்டல் நின்றது. காது கொடுத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. வண்டியை உருட்டினேன், டிக் டிக். கொஞ்சம் தள்ளிப் போனதும் மறுபடியும் டொக், டொக். நின்றேன். அதுவும் நின்றது. உள்ளபடி சொல்கிறேன், அப்படி ஒரு பயம் எனக்கு அதுவரை வந்ததில்லை. யாரென்று கேட்காமல், திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை இருந்தது. நடத்துபவர் சரசு அக்கா. ஜீப் ஓட்டும் பாண்டி லோடுக்காக அங்கே காத்திருந்தார். பயத்தை மறைக்க நான் கூவிய கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"நீங்க பதிலு கூவுனீகளா?" என்றார் சரசு அக்கா.

"ஆமாக்கா, சும்மா..."

"அது ஆளு எண்ணுற கூவலுய்யா! பனி எறங்கிட்டா கண்ணுக்கு ஆளு தெரியாதுன்னு கங்காணி கூவுவாரு. ஒவ்வொருத்தரா பதிலு குடுக்கணும். கடைசி ஆளும் குடுத்தாத்தான் ஜீப்பு எடுப்பாக."

"ஜீப்புல ஏறும்போது பாக்க மாட்டாங்களா?"

"ரெண்டு ஜீப்புல்ல? இதுல இல்லாட்டி அதுல இருக்கும்னு போயிருப்பாக, கூவலுதான் சரியாப் போச்சே" என்று சொல்லிக்கொண்டே பாண்டி எழுந்துவிட்டார். "யாரோ உள்ள கெடக்காக. பொழுது சாஞ்சா ஆனை எறங்குற எடம் அது. ஏறுங்கண்ணே, வெரசா."

சைக்கிளைக் கடையில் போட்டுவிட்டு ஏறினேன். இடத்தைக் காட்டு என்றால் எதைக் காட்டுவது? எல்லா இடமும் ஒரே வெள்ளை. குத்துமதிப்பாக நிறுத்தச் சொன்னேன். பாண்டி இறங்கிக் கூவினார். பதில் இல்லை. நடந்து நடந்து கூவினார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கூவுவதை விட்டுவிட்டுப் பேச்சாகவே கத்தினார்.

"ஆத்தா, நான் ஜீப்புக்காரப் பாண்டி! ஆளுதான், பயப்படாத!"

டொக்.

ராசிங்காபுரத்து ஈஸ்வரி அக்கா தண்ணீர் வடியும் குழிக்குள் கால் பிசகி உட்கார்ந்திருந்தார். காய் பறிக்கும் வாளி மடியில் இருந்தது. தூக்கி ஜீப்பில் உட்கார வைத்த பிறகும் அவர் என்னைப் பார்க்கவில்லை, பாண்டியிடம்தான் பேசினார்.

"விழுந்த வலியில மூச்சு வரல. சமாளிச்சு, கூவ வாயத் தெறக்குறேன், எனக்கு முன்னால என் கூவல வேற எதுவோ கூவிருச்சு. அப்பறம் கீழ டிக்கு டிக்குனு ஒண்ணு போகுது. எஞ்சின் சத்தமும் இல்ல, காலடியும் இல்ல. போயிருச்சுன்னு வாளியத் தட்டுனா நின்னு கேக்குது. நீ கூவுனதுகூட அதுதான்னு வாயப் பொத்திக்கிட்டேன். என் கூவல எடுத்தது என் உருவத்தையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருமோன்னு கெடந்தேன்."

"அது நான்தாங்க" என்றேன். "மன்னிச்சிருங்க." அவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று பார்ப்பது போல.

போடிமெட்டில்தான் சிக்னல் கிடைத்தது. ஈஸ்வரி அக்கா மகளுக்குப் போன் போட்டார். விழுந்ததைச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதைச் சொல்லவில்லை. முதலில் கேட்டது இதுதான்: "ஏத்தா, நான் வீட்டுக்கு வந்துட்டேனா?"

"என்னம்மா பேசுற? இன்னும் வரலையே" என்றது போன். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

அவரைப் போடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாள் காலை பாண்டியின் ஜீப்பிலேயே மேலே வந்து சைக்கிளை எடுத்தேன். இந்த வழியாகப் போகிறவர்களுக்குச் சொல்வது: போடியிலிருந்து விடிந்ததும் கிளம்புங்கள், மத்தியானத்துக்குள் பூப்பாறை போய்விடுங்கள். முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். மணி கட்டாயம் வேண்டும். தோட்டத்துக்குள்ளிருந்து யார் கூவினாலும் பதில் கூவாதீர்கள். அந்த இடைவெளியில் ஓர் ஆள் இருக்கலாம்.

என் சைக்கிளில் மணி இல்லை. அன்றும் பனிதான். கடையிலிருந்து பூப்பாறை வரை, "சைக்கிள்காரன் வர்றேன், ஆளுதான்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். ஓரிடத்தில் செடிகளுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "சரிண்ணே, பாத்துப் போங்க" என்றது.