பன்னிரண்டு கிலோ ஹீலியம்

1989 டிசம்பர், செவ்வாய்க்கிழமை. அம்பத்தூரில் எங்கள் வாயு ஆலையில் நிரப்பி அனுப்பிய வெல்டிங் கலவை சிலிண்டர் ஒன்று பூந்தமல்லிப் பட்டறையிலிருந்து புகாருடன் திரும்பியது. உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு எண்பது கிலோ. இருக்க வேண்டிய ஹீலியம் முப்பது சதவீதம், மீதி ஆர்கான். ஆய்வில் கண்ட ஹீலியம் பதினைந்து. நிரப்பியவர் ஏழுமலை. மாலைக்குள் அவருடைய பணிநீக்க உத்தரவு தட்டச்சாகிவிட்டது.

ஹீலியம் விலை உயர்ந்தது. பாதியை வெளியே விற்றுவிட்டு ஆர்கானால் ஈடுகட்டினார் என்பது மேனேஜரின் முடிவு.

"நீங்க தலைமை கெமிஸ்ட். ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து, அவ்ளோதான் சார்," என்றார்.

அருகில் நின்ற ஏழுமலை சிரித்தார். "பலூன்காரனுக்கா சார் வித்தேன்? வித்திருந்தா நான் ஏன் இன்னும் சைக்கிள்ல வந்துகினு கீறேன்?"

மேனேஜரின் அவசரமும் ஏழுமலையின் சிரிப்பும் எனக்கு ஒருங்கே ஐயத்தைத் தந்தன. கையெழுத்திடாமல் பூந்தமல்லிக்குப் போனேன்.

"வந்தப்பவே மட்டமான கேஸ் சார்," என்றார் பட்டறை முதலாளி.

பக்கத்தில் நின்ற வெல்டர் குறுக்கிட்டார். "இன்னா மொதலாளி, சனிக்கெழம வரிக்கும் நல்லாத்தான எரிஞ்சிச்சு? சாயந்திரம் மீட்டர் முள்ளு நாப்பதுல நின்னுச்சு. திங்கக்கெழம வந்து பாத்தா எம்பது! கேஸு குட்டி போட்ருச்சுன்னு சிரிச்சோமே!"

"நீ போய் வேலையப் பாரு," என்றார் முதலாளி.

கலவையில் ஒவ்வொரு வாயுவுக்கும் தன் பங்குக்கேற்ற தனி அழுத்தம் உண்டு. சனிக்கிழமை: நாற்பதில் முப்பது சதவீதம், ஹீலியம் பன்னிரண்டு கிலோ. திங்கட்கிழமை: எண்பதில் பதினைந்து சதவீதம், அதே பன்னிரண்டு. ஹீலியம் குறையவில்லை, ஆர்கான் நாற்பது கிலோ கூடியிருக்கிறது. பட்டறையில் நான் கண்ட பொதுக்குழாயில் கலவையோடு தனி ஆர்கான் சிலிண்டரையும் இணைத்து, இரண்டின் வால்வையும் திறந்தபடியே ஞாயிறு விடுமுறைக்குப் போயிருக்கிறார்கள். அழுத்தம் மிகுந்த ஆர்கான் கலவைக்குள் புகுந்துவிட்டது. தவறு தன்னுடையதானால் மாற்று சிலிண்டர் கிடைக்காது என்பது முதலாளிக்குத் தெரியும்.

உத்தரவு கிழிக்கப்பட்டது. ஆயினும் மேனேஜர், "எதுக்கும் இருக்கட்டும்," என்று ஏழுமலையைச் சிலிண்டருக்குப் பெயின்ட் அடிக்கும் பகுதிக்கு மாற்றினார். ஓய்வு பெறும்வரை ஏழுமலை அங்கேயே இருந்தார். சென்ற மாதம் வெள்ளானூரில் காலமானார்.

இளம் பொறியாளர்களுக்கு: சதவீதத்தை மட்டும் பார்த்து எவரையும் குற்றம் சாட்டாதீர்கள். மொத்த அழுத்தத்தால் பெருக்கிப் பாருங்கள்.

நான் செய்யாமல் விட்டவை:

– பூந்தமல்லியில் வாயு திரும்பிப் புகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு பொருத்தினார்களா என்று பார்ப்பது.
– ஏழுமலையை நிரப்பும் பகுதிக்குத் திருப்பி அனுப்பும்படி மேனேஜரிடம் வற்புறுத்துவது.
– "அப்பா நெஜமாவே எட்த்தாரா சார்?" என்று சாவு வீட்டில் கேட்ட அவர் மகளுக்கு, கூட்டத்தார் காதுபட, இல்லை என்று சொல்வது.