சுவீடன் பட்டாளமும் எங்கள் கலியாணமும்

கனடாவில் நான் பராமரிப்பு வேலைக்குப் போகும் ஸ்காபரோ வீட்டில் சுவீடனிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். குளிக்க வார்த்து, சீப்பால் தலை இழுத்துக் கதிரையில் இருத்தினால் போதும், அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போடச் சொல்வார். கட்டாய இராணுவ சேவைக்குப் போன பொடியன்களைப் பற்றிய பகிடிப் படம். அவருடைய புருஷனும் அப்படித்தான் போய் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்தாராம். போன கிழமை அந்த டிவிடியை என் கையில் திணித்து, புருஷனோடு இருந்து பார் என்றார். மறுக்க முடியவில்லை.

ஞாயிறு மத்தியானம் மல்வேர்னில் எங்கள் வீட்டில் போட்டோம். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. தொளதொளத்த காற்சட்டைகள், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன சார்ஜன்ட், இடம் வலம் தெரியாமல் ஒருவரோடொருவர் முட்டுப்படும் பொடியன்கள். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்பிப் போய்க் கழுவி வைத்த கோப்பைகளையே மறுபடி கழுவினேன். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திக் கொண்டுபோவதில் என்ன பகிடி வேண்டிக் கிடக்கிறது?

வன்னியில், இயக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் என்று சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன காலத்தில்தான் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுவார்கள் என்று ஒரு கதை உலாவியது. அதை நம்பி ஊர் முழுக்க அவசர அவசரமாகத் தாலி ஏறியது. காலையில் இரண்டு அப்பாமாரும் பேசினார்கள். பின்னேரம் என் கழுத்தில் மஞ்சள் கயிறு. அதற்கு முன் அவர் சைக்கிளில் போவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பயம் இல்லாவிட்டால் இந்த மனுஷன் என்னைக் கட்டியிருப்பாரா? அன்று தொட்டு இது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. சண்டை முடிந்து அவர் முதலில் தனியாகக் கனடா வந்தபோது இன்னும் மோசம். ஃபோன் ஒரு நாள் பிந்தினாலும், சரி, இனி நான் தேவைப்படமாட்டேன் என்று நினைத்துவிடுவேன். அவர் பொறுப்பெடுத்து ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டு நான் வந்து சேர்ந்த பிறகும் அந்த நினைப்பு முற்றாகப் போகவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து இருந்தேன். படத்தில் ஒரு குண்டுப் பொடியன், லீவு எடுப்பதற்காகத் தனக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது என்று புளுகிவிட்டான். பேக்கரியில் வேலை செய்யும் பெண்ணொருத்தி, பாவப்பட்டு, அவனுக்கு நிச்சயித்த பொம்பிளையாக நடிக்கச் சம்மதித்தாள். சேவை முடிந்த அன்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினான்.

"இனி அவனுக்கு அவள் என்னத்துக்கு?" என்றார் என் கணவர், சிரித்தபடியே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிமோட்டைப் பறித்துப் படத்தை நிறுத்தினேன்.

"அப்ப நீங்கள்? பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்ட பயத்திலதானே என்னைக் கட்டினீங்கள்?"

அவர் சிரிப்பு நின்றது. மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். ஓம், பயத்தில்தான் என்றார். திரையில் நின்றுபோன ரயிலை ஒருதரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இஞ்ச வந்து உம்மை ஸ்பொன்சர் பண்ணேக்க நான் ஆருக்குப் பயந்தனான்?"