வாய்க்கால் பக்கத்துக் கோடு

தவராசா அளந்து கொண்டு வருவான். கமலாதேவி வரைந்து முடிப்பாள். கல்யாணத்துக்கு முன்னும் அப்படித்தான், பின்னும் அப்படித்தான். கடல் வந்து கரையோர வீடுகளை வழித்துக்கொண்டு போனபிறகு, திருகோணமலையில் வீடு கட்டிக்கொடுக்கும் நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு பலகை மாட்டின. அவற்றில் ஒன்றில் இருவருக்கும் வேலை. அவன் மூதூர், கிண்ணியா, தோப்பூர் என்று காணிகாணியாக அலைவான். அவள் துறைமுகம் பார்த்த மாடி அறையொன்றில் கணினிக்கு முன்னால் இருப்பாள். அங்கேதான் பழகினார்கள். வாய்த்தர்க்கத்தில் தொடங்கிய பழக்கம்.

"உங்கட மூலை ஒண்டும் பொருந்தேல்ல" என்று அவள் முதல்நாளே சொல்லிவிட்டாள்.

அவன் கொண்டுவரும் அளவுகளைக் கணினியில் போட்டால் கோடுகள் தனித்தனியாக வந்து விழும். மேலோட்டமாகப் பார்த்தால் முழுக் காணி போலவே இருக்கும். பெருப்பித்துப் பார்த்தால்தான் தெரியும்: ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி, இன்னொரு மூலையில் ஒரு கோடு மற்றதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படிக் கிடக்கும்வரை கணினிக்கு அது காணியே அல்ல, வெறும் கோடுகள். பரப்பு எவ்வளவென்று கேட்டால் சொல்லாது. உள்ளே நிறம் தீட்டச் சொன்னால் தீட்டாது. கமலா மூலை மூலையாகப் போய், நீண்டதை நறுக்கி, குறைந்ததை நீட்டி, எல்லாக் கோடுகளையும் ஒன்றாகத் தெரிவுசெய்து 'ஜொயின்' கொடுப்பாள். பிறகு எந்த இடத்தில் தொட்டாலும் முழு உருவமும் சேர்ந்து எழும்பும். பரப்பு ஓரத்தில் வந்து நிற்கும். அந்தப் பரப்பு இல்லாமல் பிரதேச செயலகத்தில் ஒரு படத்தையும் கையில் வாங்கமாட்டார்கள்.

"நான் கோடு கோடாக் கொண்டு வாறன், நீர்தான் அதைக் காணி ஆக்கிறீர்" என்பான் தவராசா. அவளிடம் அவன் சொன்ன பெரிய காதல் வசனம் அதுதான். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

கல்யாணம் முடிந்து அன்புவழிபுரத்தில் அவனுடைய அம்மா அன்னலட்சுமியோடு இருந்தார்கள். சமாதானம் என்று பெயருக்கு இருந்த காலம் அது. இரண்டாயிரத்து ஆறு பிறந்ததும் அந்தப் பெயரும் தேயத் தொடங்கியது. இன்றைக்கு இந்தச் சந்தியில் ஒருவர், நாளைக்கு அந்த ஒழுங்கையில் ஒருவர் என்று சுடப்பட்டார்கள். கடைகள் நேரத்தோடு கதவடைத்தன. தவராசா மட்டும் லோஞ்சுப் படகு ஏறி மூதூருக்குப் போவதை நிறுத்தவில்லை.

தோப்பூருக்கு வெளியே, கடல் வீடு பறித்த குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தில், கடைசித் துண்டு ஒன்று சரிவராமல் கிடந்தது. மூன்று பக்கமும் ஒழுங்காகச் சேர்ந்தன. நாலாவது பக்கம் வாய்க்கால். பழைய படத்தில் இருந்த வாய்க்கால் கோடு இப்போதைய எல்லை முளைகளுக்குக் கிட்டவும் வரவில்லை. கரை சரிந்து வாய்க்கால் இடம் மாறியிருந்தது.

"இதை நான் பூட்ட ஏலாது. திரும்ப அளக்கவேணும்" என்றாள் கமலா.

"நாளைக்கே போயிற்று வாறன்."

பங்குனி மாதத்து வெயிலில் அவன் போனான். பின்னேர லோஞ்சில் திரும்பி வந்ததைக் கண்டவர்கள் உண்டு. இறங்குதுறையில் விட்டிருந்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டதையும் கண்டார்கள். வீட்டுக்கு வந்துசேரவில்லை. மறுநாள் காலை, வீட்டுக்குக் கிட்டிய ஒழுங்கையொன்றில் வண்டி சரிந்து கிடந்தது. பக்கத்தில் உடைந்த சட்டி ஒன்று. மண்ணெல்லாம் தயிர் கொட்டி எறும்பு மொய்த்திருந்தது. அவனும் இல்லை, தோளில் மாட்டிப்போன பையும் இல்லை. யார் கொண்டு போனார்கள், ஏன் கொண்டு போனார்கள் என்று கேட்க ஒரு வாசல் விடாமல் கமலா ஏறி இறங்கினாள். கல்யாணப் படத்திலிருந்து அவனுடைய பாதியை மட்டும் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனாள். எல்லா இடத்திலும் வாங்கிப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்னலட்சுமி ஒவ்வொரு இரவும் மகனுக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டாள். விடிந்ததும் பழஞ்சோற்றை மாமியும் மருமகளும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். விசாரிக்க வருபவர்களுக்குக் கமலா ஒரே பதில்தான் சொன்னாள். "இன்னும் வரேல்ல."

சித்திரை கழிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். பொறுப்பதிகாரி சிவகுருநாதன் நல்ல மனுசன். பாரமில்லாத வேலைகளாகப் பார்த்துக் கொடுத்தார். ஆனால் தோப்பூர்ப் படத்தை அவள்தான் முடிக்கவேண்டியிருந்தது; அந்தக் கோப்பு வேறொருவருக்கும் பிடிபடவில்லை. திறந்தாள். கடைசித் துண்டு மூன்று பக்கத்தோடு வாயைத் திறந்தபடி கிடந்தது.

"அவர் எடுத்த அளவு எங்களிட்டை இல்லை. அவரோட போயிற்றுது" என்றார் சிவகுருநாதன். "அந்த ரண்டு முனைக்கும் இடையில ஒரு நேர்கோடு போட்டு முடிச்சு விடும் பிள்ளை. ஒருத்தரும் பாக்கப்போறதில்லை."

"ஓம் சேர்" என்றாள்.

பெரிய வேலையொன்றுமில்லை. ஒரு முனையைத் தொட்டு மறுமுனையைத் தொடவேண்டும், அவ்வளவுதான். அவளுக்குக் கை போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நேர்கோட்டைப் போட்டுவிட்டால் அவன் எதற்காக அன்றைக்குப் போனான்? போகாமலே இருந்திருக்கலாமே. தான்தானே அளக்கவேணும் என்று சொன்னது. இந்த நினைப்பு வந்ததும் கோப்பை மூடுவாள், வேறொன்றைத் திறப்பாள். இப்படியே வைகாசி போயிற்று.

ஒருநாள் முற்பகல், முக்காட்டை இழுத்து விட்டபடி ஒரு மனுசி படியேறி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கதிரையில் அமர்ந்து மூச்சு வாங்கினாள். பெயர் நஜ்முன் நிஸா, தோப்பூரிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

"மத்த ஆக்களுக்கெல்லாம் அத்திவாரம் வெட்டிட்டாங்க புள்ள. என்ட காணிய மட்டும் ஒருத்தரும் வந்து பாக்கல்ல. என்ன காரணம் எண்டு கேட்டுட்டுப் போவம் எண்டு வந்தன்."

"எந்தக் காணி?"

"வாய்க்கா ஓரத்துக் கடசிக் காணி. அந்தத் தம்பி வந்து வடிவா அளந்துட்டுத்தானே போனாரு?"

கமலா கணினியை விட்டுத் திரும்பினாள்.

"அளந்தவரா?"

"அல்லாட ஆண, நான்தானே டேப்புட மத்த நுனியப் புடிச்சன்! கூட வாற ஆள் அண்டைக்கு வரல்ல எண்டாரு. தொங்க விடாதீங்க உம்மா, இழுத்துப் புடிங்க எண்டு ஏசி ஏசிப் புடிக்க வெச்சாரு." அவள் சிரித்தாள். "வாய்க்கா வளைஞ்சு போற இடமெல்லாம் முளை அடிச்சாரு. ஒரே கோடாப் போட்டா ஒங்கட கெணத்தடி வாய்க்காலுக்க போயிரும் உம்மா எண்டாரு. வெயில் கொடும, புள்ள. குடிலுக்க கூப்பிட்டு பிளேன்டீ ஊத்திக் குடுத்தன். தயிர் எங்க வாங்கலாம் எண்டு கேட்டாரு. ஊட்டுக்காரிக்குத் தோப்பூர்த் தயிர் எண்டாச் சரியான விருப்பமாம். அடுத்த ஊட்டு முஹம்மது தம்பிட்ட சொல்லி நல்ல எருமத் தயிர் ஒரு சட்டி வாங்கிக் குடுத்தன். அவரு எங்க, இஞ்சதானே வேல?"

அறையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கமலா எழுந்து யன்னலடிக்குப் போனாள். துறைமுகத்தில் கடற்படைப் படகொன்று நீரைக் கிழித்துக்கொண்டு போனது. ஒழுங்கை மண்ணில் எறும்பு மொய்த்துக் கிடந்த தயிர் யாருக்கு வாங்கினது என்று இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

திரும்பி வந்து நஜ்முன் நிஸாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அந்த ஊட்டுக்காரி நான்தான்" என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

நஜ்முன் நிஸா வாயில் கையை வைத்தபடி கேட்டாள். கேட்டு முடித்ததும் அழவில்லை. கமலாவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், என்ட கையால தண்ணி குடிச்சுட்டுப் போன புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கமலாதான் அழுதாள். அவன் போனபிறகு மற்றவர்களுக்கு முன்னால் அழுதது அதுதான் முதல்தடவை.

அழுகை ஓய்ந்ததும், "முளையள் இன்னும் நிக்குதா?" என்று கேட்டாள்.

"நிக்கிது. சிவப்புப் பெயின்ட் அடிச்ச முளை. ஆடு முட்டாம நான் முள்ளு வெச்சிருக்கன்."

சிவகுருநாதன் வேண்டாம் என்றுதான் சொன்னார். பாதை நல்லாயில்லை, ஷெல் அடிக்கிறாங்கள், வீட்டில் வயதுபோன மனுசி இருக்கிறா என்றெல்லாம் சொன்னார். கமலா அலுமாரியைத் திறந்து அளவு நாடாவை எடுத்துப் பையில் வைத்தாள். கடைசியில் அவரே லோஞ்சடிவரைக்கும் தன் வாகனத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

அவள் அதுவரை தோப்பூரைக் கண்டதில்லை. வயல்களை எல்லாம் கோடாக மட்டுமே அறிந்தவள். காணியில் நின்று பார்த்தபோது வாய்க்கால் சின்னதாக இருந்தது, தாண்டிப் போகலாம் போல. கரையோடு சிவப்பு முளைகள் வளைந்து போயின. நஜ்முன் நிஸா சொல்லாமலே போய் முதல் முளையில் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். முளைக்கு முளை அளந்தார்கள். நாடா எங்கேயும் தொங்கவில்லை. முடிந்ததும் அதே குடிலில் பிளேன்டீ குடித்தாள். "இந்தப் பக்கமாத்தான் இருந்தாரு" என்று நஜ்முன் நிஸா ஓலைச் சுவரோரம் ஒரு வாங்குப் பலகையைக் காட்டினாள். கமலா அந்த வாங்கில் அமரவில்லை. நின்றபடியே நாடாவைச் சுருட்டினாள்.

மறுநாள் கந்தோரில், கணினியில் முளைக்கு முளை சின்னச் சின்னக் கோடுகளாகப் போட்டு வாய்க்காலின் வளைவைக் கொண்டுவந்தாள். கடைசிக் கோட்டின் நுனி பழைய மூலையில் போய்ச் சரியாக விழுந்தது. நறுக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. எல்லாவற்றையும் தெரிவுசெய்து 'ஜொயின்' கொடுத்தாள். உருவம் ஒன்றாக எழும்பியது. பரப்பு வந்தது. கிணறு காணிக்குள்ளேயே இருந்தது.

"பொருந்தியிட்டுது" என்று பக்கத்திலிருந்த தவராசாவின் மேசைப் பக்கம் திரும்பிச் சொன்னாள். அந்த மேசையில் ஒருவரும் இல்லை.

படம் பிரதேச செயலகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஆனி முடியுமுன் அத்திவாரம் போட்டார்கள். நஜ்முன் நிஸா தொலைத்தொடர்புக் கடையொன்றிலிருந்து அழைப்பு எடுத்து, சுவர் எழும்புகிறது என்று சத்தமாகச் சொன்னாள். ஆடியில் சண்டை மூதூருக்குள் வந்துவிட்டது. ஷெல்லுக்கு நடுவில் சனம் கையில் அகப்பட்டதோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தது. நிறுவனம் வேலையை நிறுத்திப் பலகையைக் கழற்றியது. கமலா கந்தளாய் முகாம்களுக்குப் போக இரண்டு தடவை புறப்பட்டாள். ஒருதடவை பாதை பூட்டியிருந்தது, மறுதடவை மாமிக்குக் காய்ச்சல். மூன்றாந்தடவை போய்ச் சேர்ந்தபோது, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கூடாரத்தில் நஜ்முன் நிஸாவின் மகள் பரீதாதான் இருந்தாள். உம்மாவுக்கு வழியிலேயே நெஞ்சுநோ வந்ததாம். முகாமுக்கு வந்து சில நாள்தான் இருந்தாவாம். கந்தளாயிலேயே அடக்கிவிட்டார்கள்.

"ஊடு, ஊடு எண்டுதான் கதைச்சுக்கொண்டு இருந்தா" என்றாள் பரீதா.

சண்டை நகர்ந்து போனபிறகு சனம் திரும்பியது. நஜ்முன் நிஸாவின் சுவர் நின்ற உயரத்திலேயே நின்றது. அதற்குள் செடி முளைத்துவிட்டது. பிறகு வேறொரு நிறுவனம் வந்து, கமலா வரைந்த அதே படத்தை வைத்துக் கூரை போட்டு முடித்தது. பரீதா குடிபுகுந்த அன்று கமலாவையும் கூப்பிட்டாள்.

நஜ்முன் நிஸாவின் பேரப்பிள்ளைகள் புதுச் சீமெந்துத் தரையில் ஓடித் திரிந்தார்கள். பரீதா குசினியிலிருந்து சோறு கொண்டுவந்து வைத்தாள், தயிரும் வைத்தாள். பக்கத்தில் இருந்து பரிமாறிக்கொண்டே, "ஒங்கட மாப்புளயப் பத்தி ஏதும் செய்தி வந்துதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கமலா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். 'இன்னும் வரேல்ல' என்று எப்போதும் சொல்லும் பதில் வாய்வரை வந்தது.

"இல்லை" என்றாள். "அவர் இல்லை, பரீதா."

சொன்னபிறகு தயிரை ஊற்றிச் சாப்பிட்டாள். இனிமேல் மாமிக்கு இதை எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தபடி, கை கழுவக் கிணற்றடிக்குப் போனாள். அன்னலட்சுமி வீட்டில் தனியே இருப்பாள். இருட்டுமுன் போய்ச் சேரவேண்டும் என்று பின்னேர லோஞ்சைப் பிடிக்கப் புறப்பட்டாள்.